பட்டம் பெறாத பேராசிரியர்

இந்நாளில் கணிப்பொறி இல்லாத அலுவலகத்தைக் காண்பது அரிது. வங்கியிலும் மருத்துவமனையிலும் புகைவண்டி நிலையத்திலும் அதன் பணியை நாம் நாள்தோறும் காண்கிறோம். அப்பொறி செய்ய வேண்டுவனவற்றை அதற்குரிய மொழியில் எழுதித் தருவது இன்று ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலை நாடுவோருள் பலர் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர்கள். பட்டம் பெறும் வாய்ப்பின்றித் தாமே நூல்களைக் கற்றுத் தேர்ந்து வேலை தேடுவோரும் உளர். பட்டம் இல்லாத நம்மை யார் மதிப்பர், நம் திறமையை எவ்வாறு மெய்ப்பிப்பது என்னும் கவலை அவர்களுடைய உள்ளத்தை வாட்டுவது இயல்பே.

இக்கவலையை அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே முற்றும் உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர் எப்பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர். கல்லூரியில் ஒருநாளேனும் மாணவராக அமர்ந்தவர் அல்லர். எனினும் அவர் ஒரு கல்லூரியின் கணிதப் பேராசிரியராக அமர்ந்தார். அவர் வகுத்த கணிதமே இன்றைய கணிப்பொறிகளுக்கு அடிப்படையாக விளங்குகிறது. அவரே ஜார்ஜ் பூல் என்னும் அறிஞர்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து நாட்டில் லிங்கன் என்பது ஒரு பழமையான நகரம். அந்நகரில் 1815 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2 ஆம் நாள் ஜார்ஜ் பூல் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜான் பூல் மிதியடி தைக்கும் தொழிலாளி. தாயார் மேரி ஆன், திருமணத்திற்கு முன்னர்ச் செல்வர் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். அவர்களுக்குப் பிறந்த மக்கள் நால்வருள் ஜார்ஜே மூத்தவர்.

ஜான் பூலின் கைகள் தோலைத் தைத்தன. அவருடைய மனமோ வானத்து விண்மீன்களை நாடியது. அவர் ஓய்வு நேரங்களில் கணிதம் கற்றார்; தொலைநோக்கிகளைத் தம் கையாலேயே செய்தார். இறைவனுடைய படைப்புகளைக் காண விழைவோர் வந்து காணலாம் என்று தம் கடையில் அறிவிப்பு எழுதி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் தொலைநோக்கியைக் காட்டி மகிழ்ந்தார். இத்தகையவரிடம் வாடிக்கையாளர் பெருகுவது எங்ஙனம்? தொழில் நலிந்தது, வீட்டில் வறுமை குடிகொண்டது. ஆயினும் அறிவு வேட்கை என்னும் செல்வத்தைத் தம் மகனுக்கு அவர் குறைவின்றி வழங்கினார்.

ஜார்ஜ் எளியோர் பயிலும் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்றார். இலத்தீன் மொழியைப் புத்தக வணிகர் ஒருவர் அவருக்குக் கற்பித்தார். கிரேக்க மொழியை அவர் தாமே கற்றுக்கொண்டார். பதினான்காம் வயதில் கிரேக்கப் பாடல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மகனுடைய திறமை கண்டு பெருமிதம் கொண்ட தந்தையார் அதனை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிடச் செய்தார். அதைப் படித்த ஆசிரியர் ஒருவர், பதினான்கு வயதுச் சிறுவன் இதனை எழுதியிருத்தல் இயலாது என்று அச்செய்தித்தாளிலேயே மறுத்து எழுதினார். மிதியடி தைப்பவரின் மகன் கிரேக்கம் அறிவான் என்பதை உலகம் எளிதில் நம்பவில்லை. இவ்வாறு தம் அறிவுக்குச் சான்று கேட்கப்படும் நிலை அவருக்கு இளமையிலேயே நேர்ந்தது. அது வாழ்நாளில் பன்முறை மீண்டும் வந்தது.

குடும்பச் சுமை

ஜார்ஜ் பதினாறு வயதை எட்டியபொழுது தந்தையாரின் தொழில் அறவே வீழ்ந்தது. பெற்றோரையும் தம்பியர் இருவரையும் தங்கையையும் காக்கும் கடமை அவர் தலைமேல் விழுந்தது. 1831 ஆம் ஆண்டு டான்காஸ்டர் என்னும் ஊரில் ஒரு பள்ளியில் துணை ஆசிரியராக அமர்ந்தார். அங்கு அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. வழிபாட்டிற்குரிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் கணக்கு நூல்களில் மூழ்கியிருக்கிறார் என்று பெற்றோர் சிலர் குறை கூறினர், வேலை பறிபோயிற்று. பிறகு வேறு இரண்டு பள்ளிகளில் பணியாற்றினார். பத்தொன்பதாம் வயதில் லிங்கன் நகரில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் வருவாயே குடும்பத்திற்கு உணவளித்தது.

தனியே கற்ற கணிதம்

பகலெல்லாம் பள்ளிப்பணி, இரவில்தான் தம் கல்வி. அவருக்கு நூல் வாங்கப் போதிய பொருள் இல்லை. இலக்கிய நூலொன்றைச் சில நாளில் படித்து முடித்து விடலாம். கணித நூலையோ பல திங்கள் வைத்துப் படிக்க வேண்டும். ஆகவே குறைந்த பொருளில் நீண்ட கல்வி தருவது கணித நூலே என்று கண்டு அதனை வாங்கினார். வறுமையே அவரைக் கணிதத்தின்பால் செலுத்தியது எனலாம்.

பிரெஞ்சு மொழியையும் கற்று, லக்ருவா, லக்ராஞ்சு, லாப்லாசு முதலிய பேரறிஞர்களின் நூல்களை அம்மொழியிலேயே பயின்றார். ஐயம் நேர்ந்தால் கேட்பதற்கு அருகில் எவரும் இலர். ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ளச் சில வேளைகளில் பல நாள்கள் ஆயின. நல்லாசிரியர் ஒருவர் வாய்த்திருந்தால் தம் கல்வியில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்று பிற்காலத்தில் அவர் உணர்ந்தார். தானே கற்பது பெருமைக்குரியதே. ஆயினும் அதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது என்பதை நாம் மறத்தலாகாது.

அவருக்குத் துணையே இல்லாமல் போகவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்தில் தொழிலாளர்கள் கற்பதற்கென மன்றங்கள் பல நிறுவப்பட்டன. லிங்கன் நகரிலும் அத்தகைய மன்றம் ஒன்று தோன்றியது. அங்கே நூலகம் இருந்தது, சொற்பொழிவுகள் நடைபெற்றன. அருகிலிருந்த தர்ல்பி என்னும் ஊரின் பெருநிலக்கிழார் எட்வர்டு பிரோம்ஹெட் கணிதம் வல்லவர். அவர் தம் நூல்களை இளைஞர் பூலுக்கு இரவலாகத் தந்து ஊக்கினார். 1835 ஆம் ஆண்டு அம்மன்றத்தில், பத்தொன்பது வயது நிரம்பிய பூல், அறிஞர் நியூட்டனைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார்.

பிறர் தமக்குச் செய்த உதவியை அவர் மறவாதவர். நெடுநேரம் கடைகளில் உழைத்த தொழிலாளர்களுக்குப் படிக்க ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக, கடைகளை மாலையில் விரைவில் மூட வேண்டும் என்னும் இயக்கத்தில் அவர் ஈடுபட்டார். 1847 ஆம் ஆண்டில் அவ்வோய்வை நன்முறையில் பயன்படுத்துவது பற்றி அவர்களுக்கு ஓர் உரையும் ஆற்றினார்.

கேம்பிரிட்ஜும் கடமையும்

பூல் தாம் கண்ட உண்மைகளைக் கட்டுரைகளாக எழுதி, கேம்பிரிட்ஜில் வெளிவந்த கணித இதழுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் டங்கன் கிரெகரி என்பவர். முறைப்படி பயிலாதவருடைய எழுத்தில் நடை சீராக இராது அன்றோ? கிரெகரி அதனை இகழவில்லை. கருத்தின் ஆழத்தைக் கண்டு, கட்டுரையை எவ்வாறு ஒழுங்குற எழுதுவது என்று பொறுமையுடன் கற்பித்தார். முன்பின் அறியாத பள்ளி ஆசிரியர் ஒருவரின் பெயர் அறிஞர் உலகில் மெல்லப் பரவலாயிற்று.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறலாமா என்னும் எண்ணம் பூலின் உள்ளத்தில் எழுந்தது. கிரெகரியின் கருத்தை வினவினார். அவர் இரண்டு தடைகளை எடுத்துக் காட்டினார். செலவு மிகுதி என்பது ஒன்று. பட்டத்திற்குரிய பாடங்களைப் பயிலும் ஆண்டுகளில் சொந்த ஆராய்ச்சியைக் கைவிட நேரும் என்பது மற்றொன்று. பூலுக்கோ மூன்றாவதாக ஒரு தடையும் இருந்தது. அவர் பள்ளியை மூடினால் பெற்றோர் உண்ண வழியில்லை. அவர் தம் ஆசையை அடக்கிக்கொண்டு பள்ளியிலேயே தங்கினார். பட்டம் கைக்கெட்டாமல் போயிற்று. ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை.

தங்கப் பதக்கம்

1844 ஆம் ஆண்டு பூல் நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை எழுதி, இலண்டன் அரசக் கழகத்திற்கு அனுப்பினார். அறிவியல் உலகில் அக்கழகத்தின் மதிப்பு மிகப் பெரிது. அக்கழகத்தார்க்கு அவரைத் தெரியாது. கல்லூரிப் பெயரோ பட்டமோ இல்லாத ஒருவரின் கட்டுரையைத் தள்ளிவிடக் கருதினாரும் உளர். படித்துப் பார்த்து இஃது உயர்ந்தது என்று கூறினாரும் உளர். முடிவில் கட்டுரை ஏற்கப்பட்டது. அத்துடன் கழகத்தின் அரசப் பதக்கமும் அதற்கு வழங்கப்பட்டது. கணிதத்திற்காக அக்கழகம் அவருக்கு வழங்கிய அது தங்கப் பதக்கமாகும். எழுதியவர் யார் என்று பாராமல், எழுதப்பட்டது யாது என்று பார்த்த நடுநிலையாளரால் இது கைகூடிற்று.

சிந்தனையின் கணக்கு

டான்காஸ்டரில் ஆசிரியராக இருந்த நாளில், பதினேழு வயதுப் பூல் ஒருநாள் வயல்வெளியில் நடந்து சென்றாராம். எண்களைக் குறியீடுகளால் கணக்கிடுவதுபோல, மனிதன் சிந்திக்கும் முறையையும் குறியீடுகளால் கணக்கிடலாகாதா என்னும் எண்ணம் அப்பொழுது மின்னலெனத் தோன்றியது என்பர். அவ்வித்து பல்லாண்டுகள் அவர் உள்ளத்தில் உறங்கிக் கிடந்தது.

1847 ஆம் ஆண்டு அஃது ஒரு சிறு நூலாக வெளிவந்தது. 1854 ஆம் ஆண்டு சிந்தனையின் விதிகள் என்னும் பொருளுடைய பெருநூலாக விரிந்தது. அதன் கருத்தை ஓர் எளிய எடுத்துக்காட்டால் அறியலாம். வெண்மையான பொருள்கள் அனைத்தையும் 'க' என்றும், பசுக்கள் அனைத்தையும் 'ச' என்றும் குறிப்போம். இரண்டையும் பெருக்கினால் வருவது வெண்பசுக்கள். 'க' வை முன் வைத்தாலும் 'ச' வை முன் வைத்தாலும் பொருள் மாறுவதில்லை. இனி 'க' வை 'க' வால் பெருக்கினால் என்ன வரும்? வெண்மையான பொருள்களுள் வெண்மையானவை எவை என்றால், அவை முன் இருந்தவையே. ஆகவே இக்கணக்கில் க × க = க ஆகும்.

எண்களுள் இவ்விதிக்கு அடங்குவன எவை? இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு வரும், அது பொருந்தாது. 0 ஐ 0 ஆல் பெருக்கினால் 0. 1 ஐ 1 ஆல் பெருக்கினால் 1. இவ்விரண்டே பொருந்துவன. ஆதலின் பூல் ஒன்றுமில்லாமையை 0 என்றும் எல்லாப் பொருள்களின் தொகுதியை 1 என்றும் கொண்டார். வெண்மையல்லாத பொருள்கள் 1 − க ஆயின. உண்மையும் பொய்யும், ஆம் என்பதும் இல்லை என்பதும் இவ்வாறு 0, 1 என்னும் இரண்டு குறிகளுக்குள் அடங்கின. ஒரு வாதம் சரியா தவறா என்பதைக் கூட்டல் பெருக்கல் செய்வதுபோலவே ஆராய்ந்து காண வழி பிறந்தது.

வேலை தேடிய மூன்றாண்டுகள்

அயர்லாந்தில் பெல்பாஸ்ட், கார்க், கால்வே என்னும் மூன்று நகரங்களில் புதிய கல்லூரிகள் நிறுவ அரசினர் திட்டமிட்டனர். அவற்றுள் ஒன்றில் பேராசிரியர் பதவி வேண்டி, 1846 ஆம் ஆண்டு பூல் விண்ணப்பித்தார். போட்டியிட்டோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். பூல் தமக்குள்ள குறையை மறைக்க முயலவில்லை. தாம் எப்பல்கலைக்கழகத்தையும் சார்ந்தவர் அல்லர், எக்கல்லூரியிலும் பயின்றவர் அல்லர் என்பதை விண்ணப்பத்தில் வெளிப்படையாகவே எழுதினார். அதனோடு, தாம் எழுதி வெளியிட்ட ஆராய்ச்சிகளைச் சுட்டிக் காட்டினார். தம் வேலையை அறிந்த அறிஞர்களின் நற்சான்றுகளையும் இணைத்தார்.

சான்று அளித்தவர்களுள் டி மார்கன் என்னும் கணித அறிஞர் குறிப்பிடத்தக்கவர். அவர் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் மகனாக 1806 ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர். இலண்டனில் பேராசிரியராக விளங்கிய அவரும் தருக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து வந்தார். ஒரே துறையில் உழைப்போரிடையே பொறாமை தோன்றுதல் உண்டு. டி மார்கனிடமோ அஃது ஒருசிறிதும் இல்லை. அவர் பூலின் உற்ற நண்பராக இருந்து, அவருடைய திறமைக்கு மனமுவந்து சான்றளித்தார்.

இத்துணையும் இருந்தும் மறுமொழி விரைவில் வரவில்லை. அயர்லாந்தில் அப்பொழுது கொடிய பஞ்சம் நிலவியது. கல்லூரிகள் திறக்கப்படுவது தள்ளிக்கொண்டே போயிற்று. ஓராண்டு கழிந்தது, ஈராண்டு கழிந்தது. வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று அறியாமலே பூல் தம் பள்ளியை நடத்தி வந்தார். அக்காத்திருத்தலின் இடையில்தான் அவருடைய முதல் தருக்க நூல் வெளிவந்தது. 1848 ஆம் ஆண்டின் இறுதியில் தந்தையார் இறந்தார். மகனுக்கு விண்மீன்களைக் காட்டிய அவர், மகன் பேராசிரியராவதைக் காணும் பேறு பெறவில்லை.

1849 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆணை வந்தது. கார்க் நகரில் அமைந்த கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியராகப் பூல் அமர்த்தப்பட்டார். பதினாறு வயது முதல் பள்ளிகளில் உழைத்தவருக்கு அப்பொழுது வயது முப்பத்துமூன்று.

கார்க் நகர வாழ்வு

கார்க் கல்லூரியில் பூல் பதினைந்தாண்டுகள் பணியாற்றினார். தாம் ஆசிரியரின்றி வருந்தியவர் ஆதலின், மாணவர்களின் இடர்ப்பாட்டை உணர்ந்து கற்பித்தார். 1855 ஆம் ஆண்டு மேரி எவரெஸ்ட் என்னும் அம்மையாரை மணந்தார். இந்திய நில அளவைத் துறையின் தலைவராக இருந்து, உலகின் மிக உயர்ந்த சிகரத்திற்குத் தம் பெயரைத் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் தம்பி மகளே அவ்வம்மையார். அவர்களுக்குப் பெண்மக்கள் ஐவர் பிறந்தனர். 1857 ஆம் ஆண்டு அரசக் கழகம் பூலைத் தன் உறுப்பினராக்கியது. டப்ளின், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் மதிப்புறு பட்டங்களை வழங்கின. அவர் பட்டத்தைத் தேடிச் செல்ல இயலாதபொழுது கிட்டாதது, பின்னர்த் தானே அவரைத் தேடி வந்தது.

1864 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒருநாள் பெருமழை பெய்தது. பூலின் இல்லத்திற்கும் கல்லூரிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மைல் தொலைவு. மழையென்று வகுப்பை நிறுத்த அவர் விரும்பவில்லை. நனைந்துகொண்டே நடந்து சென்றார். ஈர உடையுடனேயே பாடம் நடத்தினார். அதனால் குளிர் கண்டது. நோய் நுரையீரலைப் பற்றியது. டிசம்பர்த் திங்கள் 8 ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவருடைய மகள்களுள் ஒருவரான அலீசியாவுக்கு அப்பொழுது வயது நான்கு. அவரும் கல்லூரிக் கல்வி பெறாமலே கணித ஆராய்ச்சியில் சிறந்தார். 1914 ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் கிரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

கணிப்பொறியில் பூலின் கணிதம்

பூலின் தருக்கக் கணிதத்தால் நடைமுறைப் பயன் உண்டு என்று அவர் காலத்தவர் கருதவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. 1937 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் கிளாடு ஷானன், மின்சுற்றுகளை ஆராய்ந்து வந்தார். மின்விசை மூடியிருந்தால் மின்னோட்டம் பாயும், திறந்திருந்தால் பாயாது. இவ்விரு நிலைகளும் பூலின் 1, 0 என்னும் குறிகளே என்று அவர் கண்டார். இரண்டு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், இரண்டும் மூடியிருக்கும்பொழுதே விளக்கு எரியும். பக்கம் பக்கமாக இணைத்தால், எது மூடியிருந்தாலும் எரியும். முன்னது 'இதுவும் அதுவும்' என்னும் தருக்கம். பின்னது 'இதுவோ அதுவோ' என்னும் தருக்கம். பூலின் விதிகளைக் கொண்டு மின்சுற்றுகளைத் திட்டமிடலாம் என்று ஷானன் நிறுவினார். இன்று ஒரு சிறு கணிப்பொறிச் சில்லுக்குள் கோடிக்கணக்கான மின்விசைகள் இவ்விதிகளின்படியே இயங்குகின்றன. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதக் கற்போர் எவரும் பூலின் பெயரைத் தாங்கிய சொல்லைத் தொடக்கத்திலேயே சந்திக்கின்றனர்.

முடிவுரை

பட்டம் பெற்றவரின் கல்வியை ஐயுறுவார் இலர். பட்டச்சான்றே அவருக்காகப் பேசும். பட்டம் இல்லாதவருக்கு அவருடைய வேலையே பேச வேண்டும். பூல் பிறர் காணத்தக்க வேலையை முதலில் செய்தார். அதனை அறிந்தோர் முன் வைத்தார். அவர்கள் காட்டிய திருத்தங்களை ஏற்றார். இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டவில்லை. மறுமொழி வராத ஆண்டுகளிலும் உழைப்பை நிறுத்தவில்லை. இன்று பட்டமின்றிக் கணிப்பொறித் தொழிலை நாடும் இளைஞர்க்கும் இதுவே நல்வழியாகும்.

மற்றொன்றும் நாம் சிந்தித்தற்குரியது. நூல் தந்த பிரோம்ஹெட்டும், நடை திருத்திய கிரெகரியும், சான்றளித்த டி மார்கனும் இல்லையேல், பூலின் அறிவு லிங்கன் நகரப் பள்ளியொன்றிலேயே அடங்கிப் போயிருக்கக்கூடும். தானே கற்பவர்க்கு உழைப்பு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அவ்வுழைப்பை நடுநின்று நோக்கும் கண். நாளை நாமும் பிறர்க்கு வேலை அளிக்கும் நிலையை அடையலாம். அப்பொழுது நம் முன் நிற்பவர் எங்கே படித்தார் என்று மட்டும் கேளாமல், என்ன செய்திருக்கிறார் என்றும் பொறுமையுடன் பார்ப்போமாக. அதுவே மிதியடித் தொழிலாளியின் மகனான அப்பேராசிரியருக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.